நாலு அங்குலக் கிறேப் பண்டேஜ்: ஒரு தையற்காரியின் காலில் ஆறு கிழமை

சுளுக்கிய கணுக்காலுக்கு வாங்கியவற்றின் விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு அங்குல அகலக் கிறேப் பண்டேஜ், இழுத்தால் நீளுகிற கட்டுத்துணி, ஒன்று 480 ரூபா. குளிரவைத்துக் கட்டுகிற ஜெல் பை 1,350. காலில் இழுத்துப் போடுகிற கணுக்கால் உறை 1,900. ஆஸ்பத்திரி இலவசம், ஓட்டோ போக வர 1,500. இத்தனையிலும் என்னைத் திரும்ப மெசினில் இருத்தியது அந்த 480 ரூபாச் சாமான்தான். முதல் இரண்டு நாளும் என்னைப் படுத்தி எடுத்ததும் அதே சாமான்தான். அது எப்படி என்று எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் இலங்கையின் வடக்கில், துணுக்காய்ப் பக்கம் வீட்டோடு தையல் தைக்கிறவள். மோட்டர் பூட்டாத கால் மெசின். மோட்டர் பூட்டுங்கோ அம்மா என்று மகள் ஒவ்வொரு வருசமும் சொல்லுவாள், கரண்ட் பில்லை நினைத்து நான் தள்ளிக்கொண்டே வருவேன். மார்கழி பிறந்தால் பள்ளிக்கூடச் சட்டைக் காலம். தை மாதம் புது வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை என்று இந்தமுறை 23 உருப்படி ஏற்றிருந்தேன். பதினாலு வெட்டி முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வவுனிக்குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று ஊரே பார்க்கப் போனது. நானும் மகளும் சைக்கிளில் போனோம்.

வானடிப் பாசியில் வழுக்கி விழாத நான், வீட்டுப் படலைக்கு முன்னால் வந்து விழுந்தேன். மழை அரித்த கிறவல் பள்ளம். சைக்கிளை விட்டு இறங்கிய வலது பாதம் உள்பக்கமாகப் பிரண்டது. இறுக்கித் தைத்த தையலில் நூல் அறும்போது ஒரு ‘டிக்’ கேட்குமே, அப்படி ஒன்று காலுக்குள் கேட்டது. வெளிப்பக்க மொளிக்கு, அதாவது கணுக்கால் எலும்பு மேட்டுக்கு, சற்று முன்னால், கீழே, சுண்டுவிரல் நுனி வைக்கிற அளவு இடத்தில் நோ தொடங்கியது. பாதம் உள்ளே பிரளும்போது முதலில் இழுபடுவது அங்கே எலும்போடு எலும்பைப் பிணைத்திருக்கிற நார்தானாம். கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலானவை இந்த வகை என்று பிறகு சொன்னார்கள்.

அன்று இரவு செய்தது எல்லாம் பிழை. யாரையும் குறை சொல்லவில்லை, அன்பில் செய்த பிழை. மாமி நல்லெண்ணெயைச் சூடாக்கி முழங்காலில் இருந்து பாதம் வரை உருவினார். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். காலால் பிறந்த பிள்ளை தடவினால் சுளுக்குப் போய்விடும் என்பார்களே, அதற்கும் ஆள் கிடைத்தது. முன்வீட்டுச் சின்னவன், ஏழு வயது. பிறக்கும்போது கால் முன்னுக்கு வந்தவன். மூன்று தரம் தடவிவிட்டு மாரி பிஸ்கற் இரண்டு வாங்கிக்கொண்டு போனான். அன்றைய வைத்தியத்தில் தீங்கு செய்யாதது அவன் தடவியது மட்டும்தான். உள்ளே அறுந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடு வைத்தாலும் உருவினாலும் கசிவு கூடும். விடியும்போது மொளி எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. எண்ணெய் பூசியே ஆகவேண்டும் என்கிற வீடுகளில் மூன்று நாள் பொறுத்துப் பூசட்டும், அதுவும் உருவாமல்.

காலையில் மகளை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரத் தம்பி அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நாலு அங்குலமா, ஆறு அங்குலமா?” துணிக்கடையில் கேட்கிறதுபோல. யாருக்கு, எங்கே, எப்போது விழுந்தது, கட்டத் தெரியுமா, ஒன்றும் இல்லை. இதோடு இதுவும் போட்டால் நல்லது என்று ஜெல் பையையும் கணுக்கால் உறையையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறார். பதினேழு வயதுப் பிள்ளை, அம்மாவின் கால் என்ற பயம், வாங்கிவிட்டாள்.

பெட்டியைப் பிரித்ததும் நான் பார்த்தது துணியை. பழக்கதோசம். தோல் நிறத்தில் பருத்தி. நெடுக்கு நூலை மிகையாக முறுக்கி நெய்திருக்கிறார்கள். அந்த முறுக்குத்தான் துணியைச் சுருக்கி வைத்திருக்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பிப் போகும். இதில் றப்பர் நூல் இல்லை. றப்பர் போட்ட பண்டேஜும் கடையில் உண்டு, அது இன்னும் வலுவாகப் பிடிக்கும், ஆனால் எங்கள் பக்கத்து வெக்கைக்கு உள்ளே புழுங்கித் தோல் வெந்துவிடும். இரண்டு பக்கமும் நெய்த கரை, வெட்டுக் கரை இல்லை, அதனால் பிசிறு வராது. இழுத்துப் பிடித்து அளந்தேன், நாலரை மீற்றர். நெசவுக்கு மட்டும் என்றால் பத்துக்குப் பத்து போடுவேன்.

கட்டுகிற முறை? பெட்டியில் ஒரு சின்னப் படம் இருந்தது. அது முழங்கைக்கு.

சரி, 26 வருசம் துணியோடு கிடக்கிறவளுக்கு இதையும் ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்று நானே கட்டினேன். மொளிக்கு மேலே பிடித்து, பாவாடை நாடாச் சுற்றுகிறதுபோல வட்டம் வட்டமாக, முழு இழுவையில். நாலரை மீற்றரும் ஒரு சாண் உயரத்துக்குள் முடிந்துவிட்டது. நல்ல பிடிப்பாக இருந்தது, நோகூடக் குறைந்ததுபோல் இருந்தது. அந்தத் துணிவில் மெசினில் இருந்து ஆறு சட்டைக்குக் கொலர் தைத்தேன். அவிழ்க்காமலே படுத்தேன். இரவு ஒரு மணிபோல விழித்தால் பாதத்தில் எறும்பு ஊர்கிறது. ரோச் அடித்துப் பார்த்தேன். விரல் ஐந்தும் நாவற்பழம். தொட்டால் குளிர். அவிழ்க்க அவிழ்க்க இரத்தம் திரும்பி ஓடியபோது வந்த நோ இருக்கிறதே, விழுந்தபோதுகூட அப்படி நோகவில்லை. துணியின் பின்னல் அப்படியே தோலில் பதிந்திருந்தது, வரி வரியாக. அந்த நேரம் என்னிடம் கேட்டிருந்தால் பண்டேஜுக்குச் சைபர் போட்டிருப்பேன்.

அடுத்த நாள் காலை பக்கத்து வளவு அண்ணை, கால்மடிப்புக்குத் தந்த காற்சட்டையை எடுக்க வந்தார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் மறுபடியும் அதே வட்டக் கட்டை, கொஞ்சம் தளர்த்திப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

“பிள்ளை, ஆர் இப்பிடிக் கட்டினது?”

“நான்தான் அண்ணை.”

“சட்டை தைக்கிற ஆள் கட்டின கட்டே இது? மாட்டுக்குக் கயிறு போட்ட மாதிரி. அவிழ் முதல்.”

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கால் எடுத்த பிறகு மிஞ்சிய பகுதி வீங்காமல், பொய்க்காலுக்குள் இறங்குகிற வடிவத்துக்கு வரவேண்டும் என்று கிறேப் பண்டேஜால்தான் கட்டுவார்களாம். நேர்ஸ் ஒருதரம் கட்டிக் காட்டினா, பிறகு நாளுக்கு நாலைந்து தரம் நானே அவிழ்த்துக் கட்டினேன், மாதக்கணக்காக என்றார். எங்கள் ஒழுங்கையில் இந்தச் சாமானை அவரளவுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. மூன்று வீடு தள்ளி இருக்கிறார், எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் இருந்துகொண்டார். என் குதிக்காலைத் தன் நல்ல தொடையில் வைத்தார். முதலில் பாதத்தை நிமிர்த்தச் சொன்னார். என் பாதம் முன்னுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நிலத்தில் நிற்கும்போது காலும் பாதமும் எப்படி மூலைமட்டமாக இருக்கிறதோ அப்படி வைத்துக்கொண்டுதான் கட்டவேண்டும், தொங்கவிட்டுக் கட்டினால் தொங்கினபடியே விறைக்கும் என்றார். அடுத்தது சுருளைப் பிடிக்கிற விதம். சுருளின் வயிறு வெளியே பார்க்கவேண்டும். அப்போதுதான் பாய் விரிகிறதுபோல் அது காலின்மேல் தானே உருண்டு விரியும். நான் மாற்றிப் பிடித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் துணியை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தேன். இழுத்து எடுத்தால் இறுக்கம் நம் கையில் நிற்காது.

தொடக்கம் விரல்களின் அடியில். விரல் நுனிகள் வெளியே தெரியவேண்டும், அவைதான் காவற்காரர். அந்த இடத்தில் இரண்டு சுற்று. பிறகு பாதத்தின் வெளிக்கரையில் இருந்து மேற்பாதத்தின் குறுக்கே சரிவாக ஏறி உள்மொளிக்குப் போகிறது. குதிக்காலுக்குப் பின்னால், மேலே, சுற்றி வெளிமொளிக்கு வருகிறது. அங்கிருந்து மேற்பாதத்தில் குறுக்கே சரிவாக இறங்கிப் பாதத்தின் உள்பக்கம். அடிப்பாதத்துக்குக் கீழால் உள்ளிருந்து வெளியே போய், வெளிக்கரையில் மேலே ஏறுகிறது. இலக்கம் எட்டின் வடிவில் ஒரு சுற்று முடிந்தது. அடுத்த எட்டு முதல் எட்டில் பாதியை மூடிக்கொண்டு மேலே ஏறும். என் கால் உள்ளே பிரண்டது, அதனால் அடிப்பாதத்தில் துணி உள்ளிருந்து வெளியே போகவேண்டும், அப்போதுதான் வெளிக்கரையைத் தூக்கிப் பிடிக்கும் என்றார். திசை மாறினால் பிரண்ட பக்கமே திரும்ப இழுக்கும். இதை எந்தப் பெட்டியிலும் எழுதி நான் பார்க்கவில்லை. நாலைந்து எட்டுப் போட்டு, மொளிக்கு மேலே நாலு விரல்கடையில் முடித்தார்.

இழுவை? துணி நீளக்கூடிய அளவில் பாதி. விரல் பக்கம் கொஞ்சம் கூட, மேலே போகப் போகக் குறைய. நான் நேர்மாறாகச் செய்திருந்தேன்.

“வாய்க்காலை இடையில மறிச்சால் தண்ணி எங்க நிக்கும்?” என்று கேட்டார். “மறிச்ச இடத்துக்குப் பின்னாலதானே நிக்கும். நீ மேலே மறிச்சுப்போட்டுக் கால் வீங்குது எண்டால்?”

மூன்று போகம் வயல் செய்தவளுக்கு இதைவிட விளக்கமாக யாராலும் சொல்ல முடியாது. கட்டி முடித்ததும் என் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் சிவக்கவேண்டும். சிவந்தது. பிந்தினாலோ, விரல் விறைத்தாலோ, எறும்பு ஊர்ந்தாலோ யோசிக்காமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டு. வீக்கம் கூடிக் குறையும்போது கட்டும் இறுகித் தளரும், அதனால் நாளுக்கு இரண்டு மூன்று தரம் அவிழ்த்துக் கட்டு. இரவில் வேண்டாம், அவிழ்த்துவிட்டுத் தலையணைக்குமேல் காலைத் தூக்கிவைத்துப் படு. இவ்வளவும் பத்து நிமிசம். அன்று மாலை மேற்பாதத்தில் ஒரு நரம்பு திரும்பத் தெரிந்தது. அதைக் கண்டு நான் பட்ட சந்தோசம் கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

பண்டேஜோடு வருகிற இரண்டு பல்லுக் கிளிப்பைப் பற்றி: குப்பை. ஒன்று முதல் நாளே கழன்று பாயில் கிடந்து மாமியின் உள்ளங்காலில் குத்தியது. மாமிக்குச் சீனி வருத்தம், பாதம் மரத்துப்போய் அவருக்கு அது குத்தியதே தெரியவில்லை, இரத்தத்தைக் கண்டுதான் தெரிந்தது. சீனி வருத்தக்காரர் உள்ள வீட்டில் கிளிப்பை எடுத்து எறிந்துவிட்டுச் சட்டைப்பின் குத்துங்கள். அல்லது கடைசி முனையை உள்சுற்றுக்குள் செருகி நாலு இழை தைத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். அவிழ்க்கும்போது நூலை வெட்டினால் போதும்.

இனி அந்த ஜெல் பை. நீல நிறம், நல்ல மினுக்கம், வெல்க்ரோப் பட்டி. குறை பையில் இல்லை. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. முன்கடை அக்காவின் ஐஸ்கிறீம் பெட்டியில் வைத்து, மகள் ஓடிப்போய் எடுத்து வருவாள், இருபது நிமிசத்தில் அது பச்சைத்தண்ணி, திரும்ப ஓடவேண்டும். மூன்றாவது ஓட்டத்தில் அந்த அக்காவே சொன்னா, “ஏன் பிள்ளை இதோடை மாரடிக்கிறாய், ஐஸ் பக்கற் கொண்டுபோவன்.” பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடித்து உறிஞ்சுகிற, நீட்டு பொலித்தீன் குழாயில் சிவப்பும் செம்மஞ்சளுமாக இருக்குமே, அதுதான். ஒன்று 20 ரூபா. ஆறு பக்கற்றைப் பழைய வேட்டித் துணியில் வரிசையாக வைத்து உருட்டிக் கணுக்காலைச் சுற்றிப் போட்டால், மொளியின் மேடு பள்ளத்துக்குள் ஜெல் பையைவிட நன்றாக இறங்குகிறது. உருகிய பிறகு சின்னவன் வந்து குடித்துவிடுவான், கழிவும் இல்லை. 120 ரூபாவுக்கு 1,350 ரூபாவின் வேலை. ஒருநாள் முல்லைத்தீவில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரர் என் காலைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் இருந்து ஒரு பை ஐஸ்தூள் அள்ளித் தந்தார். பிடிக்கிற விதத்தில் அதுதான் எல்லாவற்றிலும் முதல் தரம். ஆனால் இரண்டு நாள் பூனை என் காலை விட்டு நகரவில்லை.

எந்த ஐஸ் என்றாலும் தோலில் நேரே வைக்கக்கூடாது, இடையில் துணி வேண்டும். பதினைந்து, மிஞ்சினால் இருபது நிமிசம், பிறகு இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவெளி. முதல் இரண்டு நாளைக்குத்தான் அதன் தேவை. மாமிபோல் பாதம் மரத்தவர்களுக்குக் கவனம், தோல் குளிரில் கருகினாலும் அவர்களுக்குத் தெரியாது.

ரொறன்ரோவில் இருக்கிற தம்பி வாட்சப்பில் வந்து ஐஸே வைக்கக்கூடாது என்று வேறு குழப்பினான். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நாலையும் ஆங்கில முதலெழுத்துகளால் RICE என்று ஒரே சொல்லாகக் கோத்து 1978 இல் சொன்னவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே 2014 இல், ஐஸ் குணமாவதைப் பிந்தச் செய்யக்கூடும் என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டாராம். நான் ஆஸ்பத்திரியில் கேட்டேன். நோவைக் குறைக்கும், அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் மாறும் என்று நினைத்து நாள்முழுக்க வைக்காதீர்கள் என்றார்கள். அப்படியென்றால் 1,350 ரூபா இன்னும் கசக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள்தான் போனேன். முதலே போயிருக்க வேண்டும். டொக்டர் சின்னப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, தமிழை உடைத்து உடைத்து ஆனால் மரியாதையாகப் பேசினா. கட்டைப் பார்த்துவிட்டு “யார் கட்டினது? நல்லம்” என்றா. அண்ணையிடம் இதைச் சொல்லிவிட்டேன். பிறகு எலும்பு எலும்பாக அழுத்தினா: இரண்டு மொளிகளின் பின்கரையிலும் நுனியில் இருந்து மேலே ஆறு சென்ரிமீற்றர் வரை, பாதத்தின் வெளிக்கரையில் நடுவில் புடைத்திருக்கிற எலும்பு, உள்பக்கத்தில் வளைவுக்கு மேலே ஒரு எலும்பு. நோ முழுக்க மொளிக்கு முன்னால் சதையில்தான், எலும்பில் இல்லை. “நாலு அடி நடங்க.” நொண்டி நொண்டி நாலு அடி நடந்தேன். விழுந்த உடனேயும் நடந்தீங்களா என்று கேட்டா. படலையில் இருந்து திண்ணை வரை நடந்தேன் என்றேன். எக்ஸ்றே தேவையில்லை என்று எழுதிவிட்டா.

மாமிக்குக் கோபம். இவ்வளவு வீங்கிக் கிடக்கிறது, ஒரு படம்கூட எடுக்கவில்லை, ஓட்டோவுக்குக் கொடுத்த காசு வீண் என்று வழிநெடுகப் பேசினார். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். இரவு தம்பிதான் சொன்னான், அந்தப் பிள்ளை அழுத்திப் பார்த்தது கண்டபடி இல்லை, அது ஒட்டாவா விதி. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992 இல் வகுத்தது. அந்த எலும்புகளில் நோ இல்லாமல், நாலு அடி வைக்கவும் முடிந்தால் முறிவு இருக்கிற வாய்ப்பு மிகக் குறைவு, வீண் எக்ஸ்றே வேண்டாம் என்பது அதன் கணக்கு. உலகம் முழுக்க இதைத்தான் பார்க்கிறார்களாம். கனடாவில் இருந்து எங்கள் பக்கம் வருகிற சாமான் சொக்கிலேற்றும் பழைய ஜக்கற்றும்தான் என்று நினைத்திருந்தேன்.

நாலு அடி வைக்க முடியாதவர்களும், எலும்பிலேயே நோகிறவர்களும், கால் கோணியோ மரத்தோ போனவர்களும் இந்த எழுத்தை வாசித்துக்கொண்டு இருக்காமல் போகவேண்டும். ஓட்டோ கிடைக்காத இடம் என்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. குளிசை என்று எனக்குத் தந்தது பரசிற்றமோல் மட்டும். கடையில் கேட்டால் வேறு நோக்குளிசை எடுத்து நீட்டுவார்கள். எங்களுக்கு மாரி என்றால் டெங்குக் காலமும்தான். காய்ச்சலும் சேர்ந்து இருக்கிறவர்கள் ஐபுபுறுபென், டைக்ளோபெனக் பக்கம் போகவே கூடாது, டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

1,900 ரூபா உறைக்கு வருகிறேன். ‘எல்லா அளவுக்கும்’ என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். எல்லா அளவுக்கும் என்று நான் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தால் வாங்குவீர்களா? மேல்விளிம்பு கெண்டைக்காலை வெட்டியது, பாதம் தொளதொளத்தது. அதைவிட மோசம், உள்பக்கத் தையல் பொருத்து நேரே வெளிமொளியின் மேலே வந்து உட்கார்ந்தது, வீங்கிய இடத்தில். அரை மணித்தியாலத்தில் ஒரு சிவப்புக் கோடு. வீங்கிய காலில் அதை இழுத்துப் போடுகிற சண்டையே இன்னொரு தரம் பிரள்வதற்குப் போதும். இரண்டாம் கிழமை கோபத்தில் பொருத்தைப் பிரித்து, துணியை ஓரத்தோடு ஓரம் தட்டையாக வைத்துக் கோணல் தையல் போட்டுத் திரும்பத் தைத்தேன். இப்போது பரவாயில்லை, வீக்கம் வற்றிய பிறகு சைக்கிளில் போக உதவுகிறது. 1,900 ரூபாவுக்கு வாங்கிய சாமானை வாங்கியவரே பிரித்துத் தைக்கவேண்டும் என்றால் பத்துக்கு மூன்று. நார் நன்றாக அறுந்தவர்களுக்கு இந்த வகை உறையோ பண்டேஜோ போதாதாம், இரண்டு பக்கமும் விறைப்பான தகடு வைத்த தாங்கி நல்லது என்று பிறகு இயன்மருத்துவர் (பிசியோதெரபி செய்கிறவர்) சொன்னார். எனக்கு அந்த அளவு இல்லை.

அண்ணை ஒரு ஊன்றுகோலும் தந்தார், முழங்கையில் மாட்டுகிற வகை. நான் அதை வலது கையில் பிடித்தேன், நோகிற பக்கம் என்று. சிரித்தார். நோகாத பக்கத்துக் கையில் பிடித்து, நோகிற காலோடு சேர்த்து முன்னுக்கு வைக்கவேண்டும். கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர ஓட்டையை மாற்றித் தந்தார்.

பத்து நாளுக்குப் பிறகுதான் இயன்மருத்துவரிடம் போனேன். மெசின் மிதிக்கலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். மிதிப்பலகை பாதத்தை மேலும் கீழும்தான் ஆட்டுகிறது, பக்கவாட்டில் இல்லை, அந்த அசைவு நல்லதுதான், பத்து நிமிசத்தில் தொடங்குங்கள் என்றார். அதுவரை இடது காலால் மிதித்துப் பார்த்தேன், தையல் வயல் வரம்புபோல் வளைந்தது. வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி தந்தார். ஒன்று, கதிரையில் இருந்துகொண்டு பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது. அ, ஆ, இ, ஈ என்று போவேன். ‘ஔ’ வரும்போது கண்ணில் தண்ணீர் வரும், ‘ஃ’ எழுதியதும் ஒரு நிம்மதி. மற்றது ஒற்றைக் காலில் நிற்பது. பல் தீட்டும்போது நிற்கச் சொன்னார், கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். ஒருதரம் பிரண்ட கால், சமநிலை திரும்பாவிட்டால் திரும்பத் திரும்பப் பிரளும், நோ போனதும் இதை விடாதீர்கள் என்றார். ஆறாம் கிழமையில் பிடிக்காமல் முப்பது எண்ணும்வரை நிற்கிறேன். சட்டைகளில் பத்தொன்பது நான் தைத்தேன், நாலை மல்லாவியில் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

பண்டேஜைத் துவைக்கலாம், இதுதான் அதன் பெரிய கெட்டித்தனம். நாலு நாளில் அது கயிறுபோல் தளர்ந்துவிட்டதாகத் தோன்றும். எறியாதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணியில் சவர்க்காரம் போட்டு அலசி, முறுக்கிப் பிழியாமல், துவாயில் சுருட்டி அமத்தி, நிழலில் தட்டையாகப் போடுங்கள். நனைந்ததும் நூலின் முறுக்குத் திரும்பிச் சுருக்கம் வந்துவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரப்பாரம் இழுத்து நீட்டிவிடும், ஸ்திரி போட்டால் அதோடு சரி. காயும் நேரத்துக்கு மாற்றுக் கட்டு வேண்டும், அதனால் இரண்டு வாங்குவது புத்தி.

இரண்டாவதை வாங்க அதே கடைக்கு நானே போனேன், ஊன்றுகோலோடு. “தம்பி, இதை எப்படிக் கட்டுகிறது என்று வாங்குகிற ஆட்களுக்குக் காட்டமாட்டீர்களா?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கே தெரியாதே அக்கா” என்றார். பொய் சொல்லாத பிள்ளை. முன்னால் இருந்த ஸ்ரூலில் காலை வைத்து, கட்டை அவிழ்த்து, எட்டுப் போட்டுக் காட்டினேன். பின்னால் நின்ற ஒரு ஐயா மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். தம்பி தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். விலையில் ஒரு ரூபா குறைக்கவில்லை, 480 தான்.